ஸ்டேஷனா, சமூக நல அலுவலகமா, ஊர்க்கூட்டமா? நீலகிரியில் வீட்டு வன்முறைக்கு ஆளான பெண் முதலில் எங்கே போகலாம்

மகளிர் ஸ்டேஷனுக்குப் போவதா, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வதா, ஊட்டிக்குப் போய்ச் சமூக நல அலுவலகத்தில் மனுக் கொடுப்பதா? வீட்டுக்குள் அடிபடும் பெண்ணும், அவளுக்காக விசாரிக்க வரும் தங்கையோ பக்கத்து லைன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அக்காவோ கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்யும், எது பக்கமோ அங்கே போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கிடைப்பது வேறு, அங்கே போனதால் வரும் சிக்கலும் வேறு.

அதனால் இடத்தைப் பற்றிப் பேசும் முன் அவளிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். உனக்கு இப்போது என்ன வேண்டும்? இன்று ராத்திரி அடி விழாமல் இருக்க வேண்டுமா, அதே வீட்டில் பயமில்லாமல் இருக்க வேண்டுமா, பிரிந்து போய்ப் பிள்ளைகளுக்குச் செலவுப் பணம் வேண்டுமா, செய்தவனுக்குத் தண்டனை வேண்டுமா? தேயிலைத் தோட்டத்து லைன்களில் நான் அதிகம் கேட்ட பதில், "அவரை உள்ளே போட வேண்டாம், கை நீட்டாம இருந்தா போதும்" என்பது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது கோழைத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு தோட்டத்தினுடையது, குடும்பம் ஓடுவது இரண்டு கூலியில், குழுக் கடன் அவள் பெயரில். எதைத் தொட்டால் எது கெடும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி

உடம்பில் காயம் இருந்தாலோ, பாலியல் வன்முறை நடந்திருந்தாலோ யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மற்றது அப்புறம்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு சொல்கிறது. "முதலில் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும். ஆனால் வழக்கு வேண்டாம் என்று வயது வந்த பெண் சொன்னாலும் சிகிச்சை உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாளோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், அதே துணியோடு போனால் தடயம் நிற்கும். குளித்துவிட்டாள், துணியைத் துவைத்துவிட்டாள் என்றாலும் போகலாம், போகத்தான் வேண்டும். கன்னித்தன்மை பார்க்கிறோம் என்று செய்யப்பட்ட இரு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லிவிட்டது.

கணவன் அடித்த காயம் என்றால் கேட்டு வாங்க வேண்டியது ஏ.ஆர். காப்பி. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எப்படி அடிபட்டது, யார் அடித்தது என்று டாக்டர் எழுதும் பதிவு அது. அங்கே "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால், பின்னால் எந்த வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். கணவன் பக்கத்திலேயே நின்றால் "தனியாகப் பேசணும்" என்று நர்ஸிடம் சொல்லலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து போட்டுவிடுவார்கள்தான். கோர்ட்டுக்குக் காட்ட அரசு ஆஸ்பத்திரிப் பதிவு மேல்.

மகளிர் ஸ்டேஷன்: வேகம் உண்டு, பிறகு?

தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-இல் தொடங்கின. நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் போன்ற ஊர்களில் இருக்கின்றன. இவற்றின் பெரிய பலம் பயம். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தாலே அன்றைக்குக் குடிக்காமல் வருகிற ஆண்கள் உண்டு. கத்தியை எடுக்கிறான், கழுத்தை நெரிக்கிறான், கொன்றுவிடுவேன் என்கிறான் என்றால் வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் போலீஸ் அவசர எண் 112-ஐக் கூப்பிட வேண்டியதுதான். குறிப்பாகக் கழுத்தில் கை வைத்தவனை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் சாதாரணமாக நடப்பது வேறு. மனுவை வாங்கி, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு கவுன்சிலிங் என்ற பெயரில் பேசுவார்கள். "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தை மீறினால் அதற்கென்று ஒரு தண்டனை கிடையாது. அது கோர்ட் உத்தரவு அல்ல. சில வீடுகளில் அந்தப் பேச்சே போதுமானதாக இருக்கிறது, மறுக்கவில்லை. பல வீடுகளில் ஸ்டேஷனுக்கு இழுத்த கோபமும் சேர்ந்து விழுகிறது.

எஃப்.ஐ.ஆர். போட்டால்? கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு, முன்பு 498ஏ என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த பிரிவு, இப்போது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் உடனே கைது என்று எதிர்பார்க்காதீர்கள். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே பிரிவை வைத்துத்தான். நோட்டீஸ் வாங்கிக்கொண்டு அவன் மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம். அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள் என்பதை எஃப்.ஐ.ஆருக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இன்னொன்று, அப்புறம் இரண்டு பேரும் சமாதானமானால்கூட இந்த வழக்கைச் சும்மா வாபஸ் வாங்க முடியாது. ரத்து செய்ய ஹைகோர்ட் வரை போக வேண்டியிருக்கும். "மிரட்டி வைக்க ஒரு கேஸ்" என்று யோசனை சொல்லும் உறவினர்களுக்கு இது தெரிவதில்லை.

பாலியல் வன்முறைப் புகார் என்றால் நிலைமை முழுக்க மாறுகிறது. அதில் கவுன்சிலிங், சமாதானம் எதற்கும் இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம்; "எங்கள் எல்லை இல்லை" என்று சொன்னால், எல்லை பார்க்காமல் பதிய நாகரிக் சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுத வேண்டும். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரி மீதே வழக்குப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. மறுத்தால் ஊட்டியில் இருக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சமூக நல அலுவலகம்: யாரும் சொல்லாத வழி, என் கணக்கில் முதல் வழி

"உள்ளே போட வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்" என்ற பெண்ணுக்கென்றே எழுதியது போன்ற சட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. வக்கீல்கள் வாயில் "டி.வி. கேஸ்" (டொமஸ்டிக் வயலன்ஸ்). இதில் முதல் படியிலேயே யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. கோர்ட் உத்தரவு போடும்: அடிக்காதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, வீட்டை விட்டு அவளை வெளியேற்றாதே, மாதம் இவ்வளவு பணம் கொடு, பிள்ளைகள் அவளிடம் இருக்கட்டும். தேவைப்பட்டால் அவனையே வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லலாம். உத்தரவை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷனில் எழுதி வாங்கும் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கணவன் செய்யும் பாலியல் கொடுமையைப் பற்றிப் பெண்கள் கடைசியில்தான் சொல்வார்கள், அதுவும் பாதி வார்த்தையில். மனைவிக்கு 18 வயதாகி, இருவரும் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தால், கணவனின் வன்புணர்ச்சியை நம் குற்றச் சட்டம் வன்கொடுமை என்று ஏற்பதில்லை. ஸ்டேஷனில் "புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று சொல்லிவிட அது வசதியாகப் போகிறது. ஆனால் இந்த 2005 சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அடி, வசவு, பணத்தைப் பறிப்பது ஆகியவற்றோடு பாலியல் கொடுமையையும் சேர்த்தே குடும்ப வன்முறை என்கிறது. திருமண உறவுக்குள் நடந்ததென்றாலும் சரி. இந்த ஒன்றுக்காகவே சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவள், மகன் அடிக்கும் தாய், அண்ணன் அடிக்கும் தங்கை எல்லோருக்கும் இது பொருந்தும்.

குறை என்ன? தூரமும் தாமதமும். மனுவை விசாரித்துக் கோர்ட்டுக்கு அறிக்கை தரும் பாதுகாப்பு அலுவலர் இருப்பது ஊட்டியில், மாவட்டச் சமூக நலத் துறையின் கீழ். கூடலூரிலிருந்தே ஊட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைச்சாலை. பந்தலூர், சேரம்பாடி என்றால் இன்னும் கூடுதல். ஒரு தடவை போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் நடக்காது. மலைப்பகுதிகளிலும் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2024 முதல் கட்டணமில்லாப் பயணம் உண்டு என்றாலும், எல்லா பஸ்ஸுக்கும் எல்லாத் தூரத்துக்கும் அது இல்லை. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முழு மனுவும் 60 நாளுக்குள் முடிய முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா.

இதற்கு இரண்டு குறுக்கு வழிகள். பாதுகாப்பு அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. தன் தாலுகாவிலுள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெண்ணே நேராக மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இரண்டாவது, மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவு கேட்பது. 2005 சட்டத்தின் 23-ஆம் பிரிவில், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே அவளுடைய பிரமாணப் பத்திரத்தை வைத்து மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும். வக்கீல் மறந்தாலும் நீங்கள் மறக்காமல் கேளுங்கள்.

லைன் வீடு யாருடையது

மலையில் முடிவை மாற்றுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த வீடு யார் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? பல லைன்களில் செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) நிரந்தரமாக இருப்பது பெண். புருஷன் கூடலூரில் டிரைவராகவோ கோவையில் கட்டட வேலையிலோ இருப்பான். வீடு அவள் வேலையால் வந்தது. அப்படியிருந்தும் "என் வீட்டை விட்டு வெளியே போ" என்று அவன் சொன்னால் அவள்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குளிரில் நிற்கிறாள். இந்த நிலையில் அவள் தங்குமிடம் தேடி அலைவதைவிட, அவனை வெளியேற்றச் சொல்லி 2005 சட்டத்தின் 19-ஆம் பிரிவில் கேட்பதுதான் சரி.

வீடு அவன் பெயரில் இருந்தாலும் உரிமை இல்லாமல் போவதில்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை, சொத்து யார் பெயரில் என்பதைப் பார்ப்பதில்லை; மாமனார் வீட்டுக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவனுடைய தோட்டத்து வேலை போய்விட்டால் அந்த வீடு கேள்விக்குறிதான். அப்போது வீட்டை மட்டும் கேட்காமல் வாடகைப் பணத்தையும் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம். சட்டம் அதற்கும் இடம் தருகிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு லைன் வீட்டைத் தவிர இந்த மண்ணில் வேறு வீடே கிடையாது. "அம்மா வீட்டுக்குப் போ" என்று அவர்களிடம் சொல்கிறவர்கள், அந்த அம்மாவும் அடுத்த டிவிஷனில் ஒற்றை லைன் ரூமில்தான் இருக்கிறாள் என்பதை நினைப்பதில்லை.

வெளியேறுவதென்றால்: சகி மையமா, தாய் வீடா

அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம், சகி என்று சொல்வது, 2015 முதல் நாடு முழுவதும் வந்த திட்டம். ஒரே இடத்தில் தங்குமிடம், ஆஸ்பத்திரிக்குத் துணை, போலீஸ், வக்கீல், ஆலோசனை. ஆனால் இது அதிகபட்சம் ஐந்து நாள் வரைக்குமான தற்காலிக இடம். அதற்குமேல் என்றால் வேறு இல்லத்துக்கு அனுப்புவார்கள், அது கீழே சமவெளியில் இருக்கலாம். வளர்ந்த ஆண் பிள்ளையை அவளோடு தங்கவைக்க மாட்டார்கள். வயது வரம்பை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பையனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் திரும்பிப் போகும் தாய்மார்கள் உண்டு.

தாய் வீடு இருந்தால், அங்கே அவளை நம்புகிறவர் ஒருவராவது இருந்தால், என் ஓட்டு தாய் வீட்டுக்கு. மேட்டுப்பாளையத்திலோ சுல்தான் பத்தேரியிலோ இருந்தாலும் வழக்கு கெட்டுப்போகாது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே டி.வி. மனுப் போடலாம், 85-ஆம் பிரிவுப் புகாரும் அங்கேயே கொடுக்கலாம். "வீட்டை விட்டுப் போனால் உரிமை போய்விடும்" என்பது பொய்.

ராத்திரியில் கிளம்ப வேண்டாம் என்பது மலைக்கே உரிய எச்சரிக்கை. பந்தலூர்ப் பக்கம் லைனிலிருந்து ரோட்டுக்கு வரும் வழியில் யானை நிற்கும். முடிந்தால் பகலில், அவன் வேலைக்குப் போன பிறகு. அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181. எல்லையோர ஊர்களில் போன் கேரள டவரைப் பிடித்தால் அந்த மாநிலத்து 181-க்கும் போய்விடலாம்; அதனால் ஊட்டி மையத்தின் நேரடி எண்ணை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் ஆகியவற்றின் நகலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த 1,000 ரூபாய்தான் பல பெண்களின் பஸ் காசு.

குழுக் கடனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் போய்விட்டால் தவணை மற்ற பெண்கள் தலையில் விழும், அவர்களே வந்து "திரும்பி வந்துடு" என்று அழைப்பார்கள். குழுத் தலைவியிடம் முன்கூட்டியே சொல்லி, தவணைக்கு அவகாசம் வாங்கி வைத்தால் அந்த ஒரு கயிறாவது அவிழும்.

ஊர்க்கூட்டம், உறவுப் பேச்சு

படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் பெரியவர்களின் பேச்சுக்கு இன்னமும் எடை உண்டு. லைன்களில் சங்கத் தலைவர், கோயில் கமிட்டி. பக்கத்திலேயே இருக்கிறார்கள், செலவில்லை, அவனுக்கு வெட்கமும் இருக்கிறது. பண விஷயம், மாமியார் சண்டை, குடியை நிறுத்தச் சொல்வது இதற்கெல்லாம் உதவலாம். நான் வைக்கும் நிபந்தனை இரண்டு. முதலில் ஏ.ஆர். காப்பியோ சி.எஸ்.ஆரோ ஏதோ ஒரு பதிவு கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் கூட்டத்தில் பேசுகிறவர்களின் தொனியே மாறும். அடுத்து, அங்கே அவள் பேச வேண்டும், அவளுக்காக மற்றவர்கள் மட்டும் பேசக் கூடாது. "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று முடிந்தால் அடுத்த தடவைக்குக் காத்திருக்காமல் கோர்ட்டுக்குப் போங்கள்.

குழந்தை சம்பந்தப்பட்ட பாலியல் குற்றத்தை எந்தக் கூட்டத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். பேசி முடித்து வைத்தவர்களும் அதற்குள் மாட்டுவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ, சீருடை போடாத அதிகாரிதான் எடுக்க வேண்டும். ஒரே விஷயத்தைப் பத்துப் பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். உறவினர்கள் செய்யும் கொடுமைகளில் அதுவும் ஒன்று.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் பெண்களுக்கு, செய்தவன் பழங்குடியோ பட்டியல் சாதியோ அல்லாதவன் என்றால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும், அரசு நிவாரணத் தொகையும் உண்டு. இந்தப் பிரிவைச் சேர்க்காமல் எஃப்.ஐ.ஆர். எழுதிவிட்டால் பின்னால் சேர்க்க வைப்பது பெரும்பாடு. கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லி, அவள் மொழி தெரிந்த ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தத் தகவலை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். போனை அவன் எடுத்துப் பார்ப்பான். கொழுந்து எடுக்கும் இடத்திலோ, ரேஷன் கடை வரிசையிலோ நேரில் சொல்லுங்கள். 181-ஐயும் மையத்தின் எண்ணையும் "தையல் அக்கா", "பால்காரம்மா" என்று ஏதாவது பெயரில் பதிந்து கொடுங்கள். பேசிய பிறகு கால் லிஸ்டிலிருந்து அழிக்கவும் சொல்லிக் கொடுங்கள்.